பயப்படாதே! – சிவகாசிக் கரிசலில் ஒரு விசுவாச வரலாறு

பயம் இல்லாத மனிதன் உண்டா? பரீட்சை முடிவு வரும் நாளில் மாணவனுக்குப் பயம். மழை பொய்த்தால் சம்சாரிக்குப் பயம். கோடையில் வெயில் ஏற ஏற, பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போன அம்மா சாயங்காலம் வீடு திரும்பும்வரை பிள்ளைகளுக்குப் பயம். விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கடைசிப் பயத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பயத்தை வெல்வது எப்படி என்று கேட்டால் "கடவுளை நம்பு" என்று எல்லோரும் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். கிறிஸ்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வேதாகமத்தில் "பயப்படாதே" என்ற சொல் 365 தடவை வருகிறது, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் அத்தனை வராது. மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு கணக்கும் மாறும்.

எண்ணிக்கை போகட்டும். அந்தச் சொல் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதுதான் முக்கியம். பயப்படாதவனிடம் யாராவது "பயப்படாதே" என்று சொல்வார்களா?

வேதாகமத்தின் பயந்தாங்கொள்ளிகள்

கிதியோன் என்றதும் முந்நூறு பேரோடு போய் ஒரு பெரும்படையை விரட்டிய வீரன்தான் நினைவுக்கு வருவான். ஆனால் அவன் கதையில் முதல் காட்சி என்ன தெரியுமா? மீதியானியருக்குப் பயந்து, திராட்சை ஆலைக்குள் ஒளிந்துகொண்டு கோதுமை அடித்துக்கொண்டிருக்கிறான் (நியாயாதிபதிகள் 6). களத்தில் அடித்தால் தூசி பறக்கும், எதிரி பார்த்துவிடுவான். தேவதூதன் தேடி வந்தது இந்த ஒளிந்திருந்த மனிதனைத்தான்.

எலியா? கர்மேல் மலையில் தனி ஆளாக நின்று ஜெயித்தவர். மறுநாளே ஒரு ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, செத்தால் போதும் என்கிறார் (1 இராஜாக்கள் 19). கடவுள் அவரைத் திட்டவில்லை. முதலில் தூங்க விடுகிறார், சாப்பாடு கொடுக்கிறார், மறுபடியும் தூங்க விடுகிறார். புத்திமதி எல்லாம் பிறகுதான்!

56ம் சங்கீதம் பெலிஸ்தர் தாவீதைப் பிடித்து வைத்திருந்த நேரத்தில் பாடப்பட்டது என்று அதன் தலைப்பே சொல்கிறது. அதில் தாவீது 'எனக்குப் பயமே இல்லை' என்று மார்தட்டவில்லை. பயம் வருகிற நாளில் நம்பிக்கை வைப்பேன் என்கிறார். அதாவது பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே நெஞ்சில் இருக்கின்றன. ஏன், கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கலங்கி வியாகுலப்பட்டார் என்றுதான் மாற்கு எழுதுகிறார் (14:33).

ஆகவே வேதாகமம் சொல்லும் தைரியம் பயமே அறியாத மனநிலை அல்ல. பயந்துகொண்டே செய்ய வேண்டியதைச் செய்வதுதான் அது. இதற்கு உதாரணம் தேடி யூதேயா வரை போக வேண்டியதில்லை. நம் கரிசல் காட்டிலேயே இருக்கிறது.

அந்தக் காலத் திருநெல்வேலி

இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985ல் உருவானது. அதற்கு முன் இது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. இன்னும் பின்னால் போனால், 1910ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமெல்லாம் திருநெல்வேலி மாவட்டத்தின் வட பகுதி. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சகமும் வராத காலம். மானாவாரிப் பருத்தி, சோளம், கம்பு... மழை வந்தால் உண்டு, இல்லாவிட்டால் பஞ்சம்.

இதே திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கே, தேரிக்காட்டுப் பகுதியில், 1797ல் தாவீது சுந்தரானந்தம் என்ற இளைஞரும் தஞ்சையிலிருந்து வந்த சத்தியநாதனும் சேர்ந்து ஒரு சிறிய கிறிஸ்தவக் கூட்டத்தை உருவாக்கினார்கள். பனையேறிப் பிழைத்த ஏழை மக்கள். புது மதத்துக்குப் போனவர்கள் என்பதால் ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. தொழுகை நடத்திய இடமும் வீடுகளும் தாக்கப்பட்டன.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஜெபம் செய்தார்கள், சரி. ஜெபம் செய்துவிட்டுச் சும்மா உட்காரவில்லை. ஒரு நிலத்தை வாங்கி 1799ல் தங்களுக்கென்று ஒரு ஊரையே உண்டாக்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் முதலூர். தாக்க வருபவர்களை எதிர்த்து நிற்க தாவீது தடியேந்திய ஒரு கூட்டத்தைத் திரட்டினார் என்றும், கடைசியில் அவர் விஷம் வைத்துக் கொல்லப்பட்டார் என்றும் அந்தப் பகுதிக் கிறிஸ்தவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவர் போய்விட்டார், முதலூர் இன்றும் இருக்கிறது.

1820ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் இதையே ஒரு முறையாக்கினார். 1830ல் தர்ம சங்கம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. ஜனங்கள் கொடுக்கும் பணத்தில் நிலம் வாங்குவது, விரட்டப்பட்டவர்களை அதில் குடியேற்றுவது, இதுதான் அதன் வேலை. நாளைக்கு நம் குடிசையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்தவனுக்கு வெறும் வசனத்தைச் சொல்லி அனுப்பாமல், கையில் பட்டாவும் கொடுத்தார்கள். பயத்துக்கு விசுவாசம் கொடுத்த பதில் இங்கே ஒரு கணக்குப் புத்தகமாக இருந்தது என்றும் சொல்லலாம்!

ஆனாலும் பயம் முற்றிலும் போய்விடவில்லை. 1840களில் விபூதிச் சங்கம் என்ற அமைப்பின் எதிர்ப்பு வலுத்தது. 1845ல் நல்லூர் வட்டாரத்தில் கிறிஸ்தவர்களின் வீடுகள் சூறையாடப்பட்டன. ஒரு உண்மையை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆட்சி கம்பெனியுடையது. வெள்ளைக்கார மிஷனரிக்கு ஆபத்து என்றால் கலெக்டர் காதுக்குச் செய்தி உடனே போகும். நிஜமான ஆபத்து மதம் மாறிய உள்ளூர் ஏழைக்குத்தான். நிலக்கிழாரின் நிலத்தில் உழைத்து, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுத்து, சொந்தக்காரர்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்து வாழ வேண்டியவன் அவன். ஒரே நாளில் எல்லாம் அறுந்து போகும். அந்தப் பயத்தின் எடையை நினைத்துப் பார்க்காமல் அந்தக் காலத்து விசுவாசத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

கணக்கு எழுதியவர் கூடாரத்துக்கு வந்தார்

இந்தச் சூழ்நிலையில்தான் வடக்கே, சிவகாசிப் பக்கம் வந்தார் தாமஸ் கஜெத்தான் ராக்லாந்து. 1815ல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினர்களிடம் வளர்ந்தவர். லிவர்பூலில் வணிக அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, அப்புறம்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1841ல் கணிதத் தேர்வில் நான்காவது இடம்! கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெல்லோவாகவும் ஆனார். அங்கேயே இருந்திருந்தால் வாழ்க்கை முழுவதும் சௌகரியமாகப் போயிருக்கும்.

ஆனால் அவர் 1846 முதல் சென்னையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) செயலாளராக வேலை பார்த்தார். கடிதம், கணக்கு, சம்பளம், கட்டிடம்... இப்படிப்பட்ட வேலை. அதிகம் பேசாதவர், தன்னைப் பற்றித் தாழ்வாகவே நினைப்பவர் என்றுதான் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். உடம்பும் சரியில்லை, நுரையீரலில் நோய்.

திருநெல்வேலிக்கு மேற்பார்வைக்குப் போய் வந்தபோது ஒரு விஷயம் அவர் மனதை உறுத்தியது. தெற்கே ஊருக்கு ஊர் கோயிலும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. வடக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பங்களா கட்டி உட்கார்ந்து, ஜனங்கள் தேடி வருவார்கள் என்று காத்திருப்பது அங்கே நடக்காது. கூடாரம் அடித்து, ஊர் ஊராகப் போய், போன ஊருக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்று ஒரு திட்டத்தை எழுதினார்.

திட்டம் எழுதுகிறவர் ஒருவர், வெயிலில் நடக்கிறவர் வேறொருவர். இது எல்லா அலுவலகங்களிலும் நடப்பதுதானே? ராக்லாந்து அப்படிச் செய்யவில்லை. இங்கிலாந்து போய் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களை அழைத்துக்கொண்டு திரும்பினார். 1854ல் வடதிருநெல்வேலியில் வேலை ஆரம்பமானது. நுரையீரல் நோயாளி ஒருவர், கேம்பிரிட்ஜ் அறையை விட்டு, சென்னை அலுவலகத்தையும் விட்டு, சிவகாசி வெயிலில் கூடாரத்தில் குடியேறினார். வயது 39.

அவருக்குப் பயம் இருந்திருக்காதா? நிச்சயம் இருந்திருக்கும். தன் உடம்பின் நிலை தெரிந்தேதான் வந்தார். வந்தால் நோய் குணமாகும் என்ற வாக்குறுதி எதுவும் அவரிடம் இல்லை.

ஒரு மாத ஊழியர்கள்

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. மூன்று வெள்ளைக்காரர்கள் மட்டும் இந்த வேலையைச் செய்யவில்லை. தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் முறை வைத்து, ஒரு மாத காலத்துக்கு என்று தங்கள் உபதேசியார்களை வடக்கே அனுப்பின. அவர்களுடைய செலவு? அனுப்பிய சபைகளுடையது. ஒரு தலைமுறைக்கு முன் வீடு எரிந்து ஓடியவர்களின் பிள்ளைகள், பனையேறிச் சம்பாதித்த காசில், தங்களுக்கு முன்பின் தெரியாத ஊர்களுக்கு ஆள் அனுப்புகிறார்கள்!

அந்த உபதேசியார்களின் நிலைமையையும் யோசியுங்கள். மொழி ஒன்றுதான் என்றாலும் ஊர் புதிது. சாதி கேட்பார்கள். தண்ணீர் கொடுக்க யோசிப்பார்கள். விரட்டலாம். ஒரு மாதம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது மட்டுமே ஆறுதல். ராக்லாந்துக்குப் புத்தகம் உண்டு, பெயர் உண்டு. தோனாவூர் எமி கார்மைக்கேல் அவரைப் பற்றி 1922ல் ஒரு நூலே எழுதினார். இந்த ஒரு மாத ஊழியர்களில் பெரும்பாலானவர்களின் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. ஆனால் பயத்தை வென்றவர்கள் பட்டியலில் அவர்களுக்கு முன்வரிசையில் இடம் கொடுக்க வேண்டும்.

மண்ணில் விழுந்த மணி

பலன் உடனே கிடைத்ததா என்றால், இல்லை. வருஷக்கணக்கில் நடந்தும் கை விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் சேர்ந்தார்கள். வெற்றி தோல்வியை வருட முடிவில் கணக்குப் பார்த்தால் அது நஷ்டக் கணக்கு.

ராக்லாந்துக்கு மிகவும் பிடித்த வேதபகுதி யோவான் 12:24. கோதுமை மணி மண்ணில் விழுந்து சாகாவிட்டால் தனியாகவே இருக்கும், செத்தால்தான் பலன் கொடுக்கும் என்று இயேசு சொன்ன உவமை. கரிசல்காட்டு விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பஞ்ச வருஷத்தில் வீட்டில் இருக்கும் கடைசிப் படி விதைக் கம்பைச் சமைத்துச் சாப்பிடுவதா, மழையை நம்பி மண்ணில் போடுவதா என்பது அவன் நிஜமாகவே சந்தித்த கேள்வி. விதைப்பது தைரியம்தான், ஆனால் உள்ளே பயம் இல்லாத விதைப்பு கிடையாது.

1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் திடீரென்று நுரையீரலிலிருந்து இரத்தம் பெருகி ராக்லாந்து இறந்தார். வயது 43. வடதிருநெல்வேலியில் அவர் நடந்தது ஐந்து ஆண்டுகள்கூட இல்லை.

ஆனால் வேலை நிற்கவில்லை. சிவகாசிக்குப் பக்கத்தில் சாட்சியாபுரம் என்ற ஊர் மிஷனின் மையமாக வளர்ந்தது. பள்ளிக்கூடங்கள் வந்தன. சாட்சியாபுரம்... பெயரிலேயே சாட்சி இருக்கிறது. இன்று அந்த வழியாகப் பேருந்தில் போகிற எத்தனையோ பேருக்கு அது ஒரு நிறுத்தத்தின் பெயர் மட்டும்தான்.

நேபுகாத்நேச்சாரின் முன் நின்ற மூன்று இளைஞர்கள் சொன்ன பதில் இங்கே பொருந்துகிறது (தானியேல் 3). எங்கள் தேவன் எங்களைக் காப்பாற்ற வல்லவர் என்றார்கள். அதோடு நிறுத்தாமல், ஒருவேளை காப்பாற்றாமல் போனாலும் நாங்கள் மாறப் போவதில்லை என்றும் சொன்னார்கள். முதல் பாதியைச் சொல்ல எல்லோருக்கும் வரும். ராக்லாந்து வாழ்ந்தது இரண்டாவது பாதியை. அவரைச் சூளை சுடாமல் விடவில்லை. ஆனாலும் அவர் மாறவில்லை.

விசுவாசமா, அசட்டையா?

சரி, இது 19ம் நூற்றாண்டுக் கதை. இன்றைய சிவகாசிக்கு இதில் என்ன இருக்கிறது?

1922ல் ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். 1923ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் ஆரம்பித்தது. பின்னாலேயே பட்டாசும் வந்தது. வறண்ட பூமிக்குச் சோறு வந்தது. கூடவே ஒரு புதுப் பயமும் வந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மறுபடியும் ஒரு பெரிய விபத்து. இடையிலும் பின்னாலும் நடந்த சின்ன விபத்துகளைத் தினசரியில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

காலையில் வேலைக்குப் போகும் தொழிலாளி தன் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார். ஒருவர் இருக்கன்குடி மாரியம்மனை நினைக்கிறார், ஒருவர் சிலுவை போட்டுக்கொள்கிறார், ஒருவர் துவா செய்கிறார். அதில் தவறே இல்லை. ஆனால் "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்ற சொல்லை யார், எப்போது சொல்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். ஒரு அறையில் அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்களை உட்கார வைத்துவிட்டு, மருந்துக் கலவையை அவசரமாகச் செய்யச் சொல்லிவிட்டு, உள்குத்தகைக்கு விட்டுவிட்டுச் சொன்னால் அது விசுவாசமா?

இதற்கு வேதாகமத்தில் நேரான பதில் இருக்கிறது. 91ம் சங்கீதம் ஆபத்தில் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் சங்கீதம். பயம் வந்தால் கிறிஸ்தவர்கள் முதலில் திறக்கும் பக்கம். இந்தச் சங்கீதத்தை மேற்கோள் காட்டி இயேசுவிடம் ஒருவன் பேசினான். யார் தெரியுமா? பிசாசு! தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றான் (மத்தேயு 4). இயேசு குதிக்கவில்லை. கடவுளைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். வேண்டுமென்று ஆபத்தை உண்டாக்கிவிட்டுக் கடவுள் காப்பாற்றட்டும் என்பது விசுவாசம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேண்டுமா?

மோசேயின் சட்டத்தில் இன்னொரு அழகான கட்டளை உண்டு. புது வீடு கட்டினால் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டு, யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின் மேல் வரும் (உபாகமம் 22:8). மூவாயிரம் ஆண்டு பழைய தொழிற்பாதுகாப்பு விதி! விழுந்தவனின் விதி என்று அது சொல்லவில்லை. சுவர் கட்டாதவனின் குற்றம் என்கிறது.

நெகேமியாவும் அப்படித்தான். எருசலேமின் மதிலைக் கட்டும்போது எதிரிகள் தாக்க வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறார். உடனே ஜெபம் செய்கிறார், அதே மூச்சில் இரவும் பகலும் காவலும் வைக்கிறார் (நெகேமியா 4:9). ஜெபமா காவலா என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை. முதலூரில் நிலம் வாங்கியதும், தர்ம சங்கத்தில் பணம் சேர்த்ததும் இதே வழிதான்.

கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, இந்த மண்ணே இப்படித்தான் பயத்தோடு போராடியிருக்கிறது. 1899 ஜூன் 6 அன்று சாதிக் கலவரத்தில் சிவகாசி தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அந்தத் தலைமுறை ஊரை விட்டு ஓடிவிடவில்லை. வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்து, உறவின்முறையாகக் கூடி, பள்ளிக்கூடமும் கடைவீதியும் கட்டினார்கள். தெய்வத்தின் பெயர் வேறாக இருக்கலாம். தனி ஆளாகப் பயந்தால் நடுக்கம், கூடி நின்று பயந்தால் அது ஏற்பாடாக மாறுகிறது என்ற பாடம் ஒன்றுதான்.

கடைசியாக...

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரிகின்றன.

பயம் வருவது அவிசுவாசம் அல்ல. கிதியோனுக்கும் எலியாவுக்கும் தாவீதுக்கும் வந்தது.

விசுவாசம் என்பது ஒன்றும் நடக்காது என்ற உத்தரவாதம் அல்ல. நடந்தாலும் செய்ய வேண்டியதைச் செய்வேன் என்ற முடிவு. ராக்லாந்து அப்படி முடிவு செய்தவர். பெயர் தெரியாத அந்த ஒரு மாத ஊழியர்களும் அப்படித்தான்.

மூன்றாவது, நம் பயத்தைக் கடவுளிடம் கொடுக்கலாம். ஆனால் அடுத்தவன் உயிருக்கான பொறுப்பைக் கடவுள் தலையில் கட்டிவிட்டு நாம் கைகழுவ முடியாது. கைப்பிடிச்சுவரை நாம்தான் கட்ட வேண்டும்.

அடுத்த தீபாவளிக்குச் சரவெடியைப் பற்ற வைக்கும்போது, அந்தத் திரியைச் சுற்றிய கைகளுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள் நண்பர்களே. எந்தச் சாமியிடம் வேண்டினாலும் சரி. வேண்டிவிட்டு, அந்தக் கைகள் பத்திரமாக வீடு திரும்புவதற்கு நாட்டில் இருக்கும் விதிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்றும் கேளுங்கள். கேட்பதும் ஒரு ஜெபம்தான்.